எட்டுச் சரக்கும் ஒரு டின்னும்



மளிகைக் கடைக்காரருக்குச் சமையல் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டால் நம்மில் பலர் சிரிப்பார்கள். "விற்பது நம் வேலை, சமைப்பது வீட்டிலுள்ளவர்கள் வேலை" என்பார்கள். என் கருத்து வேறு. இனி வரும் காலத்தில் ஒரு சரக்கு எந்தப் பதார்த்தத்துக்குப் போகிறது, அதோடு வேறு எதெல்லாம் சேர்கிறது என்று தெரிந்த கடைக்காரர்தான் நிற்பார். தெரியாதவரின் வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்று போகும். இதை ஒரே ஒரு பதார்த்தத்தை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். அதுதான் டூனா மீனும் நூடுல்ஸும் சேர்த்து ஒரே சட்டியில் செய்யும் இரவுச் சாப்பாடு.

நம் லப்பைக்குடிக்காட்டில் சபர் போகாத குடும்பம் குறைவு. வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் என்று ஆண்கள் பிழைக்கப் போயிருக்கிறார்கள். சிலர் குடும்பத்தையும் அழைத்துப் போய்ச் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கத்திய சாப்பாடு பழகிவிட்டது. டூனா டின் இருக்கிறதா, மசாலா இல்லாத வெறும் நூடுல்ஸ் இருக்கிறதா, துருவிய சீஸ் இருக்கிறதா என்று கடைக்கு வந்து கேட்கிறார்கள். நாம் என்ன சொல்கிறோம்? "அதெல்லாம் இங்கே போகாதம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டித் திட்டக்குடிக்குப் போகிறார்கள், அல்லது பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் போகிறார்கள். அதுவும் இல்லையென்றால் கைப்பேசியில் பணம் கட்டி வீட்டு வாசலுக்கே வரவழைக்கிறார்கள்.

ஒரு டின்னோடு போகும் ஏழு சரக்கு

போனது ஒரு டின்தானே என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தச் சாப்பாட்டுக்கு வேண்டியவை நூடுல்ஸ், மைதா, வெண்ணெய், பால், வெங்காயம், மிளகு, ரஸ்க், டூனா டின் ஆகிய எட்டுச் சரக்குகள். இவற்றில் ஏழு ஏற்கெனவே நம் கடையில் இருக்கின்றன. வெங்காயமோ நம் மாவட்டத்தின் சொந்த விளைச்சல். சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூர் பேர் போனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டாவது சரக்கு இல்லை என்பதால் முதல் ஏழையும் அந்த வாடிக்கையாளர் வேறு இடத்திலேயே வாங்கிக் கொள்கிறார். நூடுல்ஸ் வாங்கப் போன இடத்தில் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறார். அடுத்த மாதம் சீட்டே அங்கே போய்விடுகிறது. ஒரு டின்னுக்கு "இல்லை" சொன்னதன் விலை இவ்வளவு.

எங்கிருந்து வந்தது இந்தச் சாப்பாடு?

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் மத்தி மீனை டின்னில் அடைத்து விற்று வந்தார்கள். 1903 வாக்கில் மத்தி கிடைப்பது குறைந்தபோது, அதுவரை அதிகம் மதிக்கப்படாத டூனாவை வேகவைத்து டின்னில் அடைத்துப் பார்த்தார்கள். அது பிடித்துக்கொண்டது. 1930-களில் அங்கே பெரும் பொருளாதார மந்தம். கறி வாங்கக் காசு இல்லாத குடும்பங்கள் ஒரு டின் மீனையும் ஒரு பொட்டலம் நூடுல்ஸையும் கொண்டு ஐந்தாறு வயிற்றை நிரப்ப வழி தேடின. 1934-ல் காம்ப்பெல் நிறுவனம் காளான் சூப்பை டின்னில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை ஊற்றினால் குழம்பு கூட்டும் வேலையும் மிச்சம். இப்படித்தான் இந்தப் பதார்த்தம் வீட்டுக்கு வீடு பரவியது. 'காசரோல்' என்றால் வேறொன்றுமில்லை. எந்தச் சட்டியில் வெந்ததோ அந்தச் சட்டியோடு இறக்கிப் பரிமாறுவது. தம் போட்டு பிரியாணி இறக்கும் நம் ஊருக்கு இது விளங்காத வித்தை அல்ல.

ஆக, இது பணக்காரர் வீட்டுச் சாப்பாடாகப் பிறந்ததல்ல. நெருக்கடியில் இருந்த குடும்பங்கள், மளிகைக் கடையில் இருந்ததை வைத்தே சமாளித்த சாப்பாடு.

சூரை நமக்குப் புதிதல்ல

"டூனா என்ன மீனோ!" என்று முகம் சுளிக்கும் கடைக்காரர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். டூனா என்பது நம் கடற்கரைக்காரர்கள் சூரை என்று சொல்லும் மீன்தான். தூத்துக்குடியிலும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலும் ஆழ்கடலுக்குப் போய்ப் பிடித்து வருகிறார்கள். லட்சத்தீவில் தூண்டிலால் சூரை பிடிப்பதே முக்கியத் தொழில். அங்கே மினிக்காய்த் தீவில் சூரையை டின்னில் அடைக்கும் அரசுத் தொழிற்சாலையும் ஏற்பட்டது.

நம் மளிகைக் கடைகளில் மாசிக் கருவாடு விற்றிருக்கிறோமே, அது என்ன? அதுவும் சூரைதான். மாலத்தீவில் சூரையை வேகவைத்து, புகை காட்டி, வெயிலில் கட்டைபோல் காயவைத்தால் மாசி. இப்னு பதூதா என்ற பயணி 1343-ல் மாலத்தீவு போனபோதே இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியானதாக எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டு வியாபாரம் இது. இலங்கையில் இன்றும் மாசி இல்லாமல் சம்பல் இல்லை. மாசி மூட்டையாக வந்தது, டூனா டின்னாக வருகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மைப் போன்ற உள்நாட்டு ஊருக்கு டின் மீன் ஒரு விதத்தில் பொருத்தமும் கூட. கடல் மீன் நமக்கு ஐஸில்தான் வர வேண்டும். சூரை சீக்கிரம் கெடும் மீன். ஐஸ் சரியில்லாமல் கெட்ட சூரையைச் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அந்தக் கெடுதல் வேகவைத்தாலும் போகாது. ஆலையில் முறையாக அடைத்த டின்னில் அந்தப் பயம் குறைவு.

செய்முறை: கவுண்ட்டரில் நின்று சொல்லும் அளவுக்கு

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குச் சொல்கிறேன். மசாலா பாக்கெட் இல்லாத வெறும் நூடுல்ஸ் அல்லது மக்ரோனி 250 கிராம். டூனா 185 கிராம் டின் இரண்டு. வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் முக்கால் லிட்டர். பெரிய வெங்காயம் ஒன்று அல்லது சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன். ரஸ்க் நான்கு. பச்சைப் பட்டாணியும் சீஸும் இருந்தால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் குறையில்லை.

நூடுல்ஸை உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துவிட வேண்டும். மீதி வேக்காடு பிறகு குழம்பில் வெந்துகொள்ளும். முழுக்க வேகவைத்தால் கடைசியில் களியாகிவிடும். அடி கனத்த சட்டியில் வெண்ணெயை உருக்கி, நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, மைதாவைப் போட்டு நிறம் மாறாமல் பச்சை வாசனை போக வறுக்க வேண்டும். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி விழாமல் கிண்டினால் தோசை மாவு பதத்துக்குக் கெட்டியாகும். மிளகுத்தூள் சேர்த்து, டின்னின் எண்ணெயையோ உப்புத் தண்ணீரையோ வடித்துவிட்டு மீனை உதிர்த்துப் போட வேண்டும். டின் மீனில் உப்பு இருக்கும் என்பதால் ருசி பார்த்த பிறகே உப்பு. பிறகு நூடுல்ஸைக் கலந்து, மூடி போட்டு, சட்டிக்கு அடியில் தோசைக்கல் வைத்துச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் விட்டால் தம் ஆகிவிடும். அவன் அடுப்பு தேவையே இல்லை. ரஸ்க்கைப் பொடித்து வெண்ணெயில் சிவக்க வறுத்து, சட்டியை இறக்கிய பிறகு மேலே தூவ வேண்டும். முன்னமே தூவி மூடினால் ஆவியில் நமுத்துப் போகும்.

நூடுல்ஸுக்குப் பதில் சேமியா கேட்பவர்களும் உண்டு. தாராளமாகச் செய்யலாம். சேமியா மெல்லிசு என்பதால் முதலில் எண்ணெய் விட்டு வறுத்துக்கொண்டால்தான் ஒட்டாது. திண்டுக்கல்லிலிருந்து வரும் சேமியா நம் எல்லார் கடையிலும் இருக்கிறது. அது பாயசத்துக்கும் உப்புமாவுக்கும் மட்டும் என்று நாமே எல்லை கட்டிவிட்டோம்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "பாலும் மீனும் சேரலாமா?" சேரக் கூடாது என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது. ஆயுர்வேதத்திலும் இதை ஒவ்வாத சேர்க்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். மேல்நாட்டார் காலங்காலமாகச் சாப்பிட்டும் வருகிறார்கள். இதில் வாடிக்கையாளரோடு வாதாடுவது கடைக்காரருக்கு அழகல்ல. "பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், கொதிக்க விடாமல் சிறு தீயில் வையுங்கள்" என்று சொல்லுங்கள். தேங்காய்ப்பாலும் மீனும் நம் கடற்கரைச் சமையலிலேயே சேர்ந்தவை. யார் மனமும் சங்கடப்படாது, நமக்கும் ஒரு தேங்காய் விற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எப்போதாவது ஒரு நாள் இரவுக்கு. பெரிய சூரை வகைகளில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அளவோடு சாப்பிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விற்பனைக்காக இதை மறைக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. சபரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டு வரும் டின்களில் வீட்டுக்குப் போக மிஞ்சியதைக் கடையில் கொடுத்துக் காசாக்குகிறார்கள். சில கடைக்காரர்கள் வாங்கி விற்கவும் செய்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முறைப்படி இறக்குமதியான உணவுப் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், அசைவக் குறி எல்லாம் இருக்க வேண்டும். பெட்டியில் வந்த டின்னில் இவை இருக்காது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 27-ம் பிரிவின்படி, காலாவதியான உணவை விற்றால் விற்பவர் பொறுப்பு. அது மட்டுமல்ல, யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாத உணவை விற்றாலும் விற்பவரே பொறுப்பு. அதே சட்டத்தின் 26-ம் பிரிவு, நமக்குச் சரக்குக் கொடுத்தவரின் பில்லையே தரத்துக்கான உத்தரவாதமாக ஏற்கிறது. பில் இல்லாத டின்னை வாங்குபவர், அந்த உத்தரவாதத்தைத் தானே உதறிவிடுகிறார்.

2015-ல் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 1983-ல் இந்தியாவுக்கு வந்து வீட்டுக்கு வீடு புகுந்த மேகி நூடுல்ஸுக்கு, ஈயம் அதிகம் என்ற புகாரில் அந்த வருடம் ஜூன் மாதம் தடை வந்தது. நம் மாநில அரசும் மூன்று மாதத் தடை விதித்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த அகில இந்தியத் தடையை ரத்து செய்தது. மறு சோதனைகளுக்குப் பிறகு நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் இருந்தார், சோதனைச் சாலை இருந்தது. சில்லறைக் கடைக்காரருக்கு இருந்தது பில் ஒன்றுதான். ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பொட்டலத்தை நம்பி ஒரு வரிசையையே நிரப்பக் கூடாது என்பது அப்போது கிடைத்த இன்னொரு பாடம். வெறும் நூடுல்ஸ், மக்ரோனி, சேமியா என்று பலவும் இருந்தால், ஒன்று நின்றாலும் வியாபாரம் நிற்காது.

வரி விஷயத்திலும் நிலைமை நமக்குச் சாதகமாகியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நூடுல்ஸ், மக்ரோனி, டின் மீன், வெண்ணெய், சீஸ் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. இந்தக் குறைவு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் கல்லாவிலேயே நிறுத்திக்கொள்பவர், பெரிய கடைகளின் விளம்பரத் தாளைப் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிவார்.

வைக்கும் முறை

டின் சரக்கை உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், துருப் பிடிக்கும். வெயில் படும் இடமும் ஆகாது. உப்பியிருக்கும் டின், ஓரத்து மடிப்பில் நசுங்கிய டின், கசிவு உள்ள டின் எதுவானாலும் விலை குறைத்துக்கூட விற்கக் கூடாது. உப்பிய டின்னுக்குள் உயிரைக் கொல்லும் நஞ்சு உண்டாகியிருக்கலாம். பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால் என்று அடுக்குங்கள். பழுப்பு முக்கோணக் குறியுள்ள சரக்கை, சைவ வாடிக்கையாளர்கள் கைவைக்கும் அலமாரியில் கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். டின்னில் மொத்த எடையோடு வடித்த எடையும் அச்சாகியிருக்கும். இரண்டு கம்பெனி டின்னை ஒப்பிட்டு விலை சொல்லும்போது வடித்த எடையைப் பார்த்துச் சொல்வதே நேர்மை. திறந்த டின்னில் மிச்சமிருந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

மீன் என்பதால் அறுப்புப் பற்றிய சந்தேகம் நம் இஸ்லாமிய வாடிக்கையாளர்களுக்கு வராது. ஆனால் சூப் பொடியில் கோழிச் சாறு இருக்கலாம், வெளிநாட்டுச் சீஸில் விலங்கிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கலாம். "எல்லாம் சரிதான்" என்று வாயால் சொல்லாமல், மேலட்டையைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிமார்களும் நம் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் நம்பிக்கை நம் நாவில் இருக்கிறது.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நானும் மொத்த வியாபாரி என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். சின்னக் கடைக்காரர் இந்தச் சரக்கை வைக்கத் தயங்குவதற்கு முதல் காரணம் நாம்தான். 48 டின் உள்ள பெட்டியைப் பிரிக்க மாட்டோம், வேண்டுமானால் பெட்டியோடு எடு என்கிறோம். தெருமுனைக் கடைக்காரர் அவ்வளவு முதலை ஒரே சரக்கில் முடக்குவாரா? ஆறு டின், பன்னிரண்டு டின் என்று பிரித்துக் கொடுப்போம். தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே விற்காததைத் திரும்ப எடுத்து, போகிற கடைக்கு மாற்றி விடுவோம். நமக்குச் சிறிது வேலை கூடும். ஆனால் நம்மிடம் வாங்கும் நூறு சிறு கடைகளும் மூடிவிட்டால், பெரிய அங்காடிகள் நம்மிடம் சரக்கு எடுக்கப் போவதில்லை. அவர்கள் நேரே கம்பெனியில் எடுப்பார்கள். சில்லறைக் கடை விழுந்தால் அடுத்து விழுவது நாம்தான்.

"இப்படி அந்நியச் சாப்பாட்டை வளர்த்தால் நம் சமையல் அழிந்து போகாதா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் குழம்பில் போடும் மிளகாயே கடல் கடந்து வந்ததுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் அப்படியே. வந்த சரக்கு நம் சமையலை அழிக்கவில்லை. நம் சமையல்தான் அவற்றைத் தனதாக்கிக்கொண்டது. நம் வீடுகளில் இந்தச் சட்டிச் சாப்பாட்டில் நாளைக்கே இஞ்சி பூண்டும் கறிவேப்பிலையும் விழும். அதற்கு அடுத்த வருடம் இதை அமெரிக்கச் சாப்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கணவர் கடல் கடந்து இருக்க, மாமியார் மாமனாரையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு ஒரு நாள் இரவு, ஒரே சட்டியில் அரைமுக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தால் அது பெரிய உதவி. நோன்பு மாதத்திலும் பரீட்சைக் காலத்திலும் இந்த உதவி இன்னும் பெரிதாகத் தெரியும். அவர்கள் கடைக்கு வந்து டின் கேட்கும்போது, அதோடு போகிற மற்ற ஏழையும் எடுத்து வைத்து, ரஸ்க்கை எப்போது தூவ வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் கைப்பேசியைத் தேட மாட்டார்கள்.

ஆகவே நண்பர்களே, அடுத்த கொள்முதலில் ஆறு டின் மட்டும் பில்லோடு எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். முதலில் ஒரு தடவை உங்கள் வீட்டிலேயே செய்யச் சொல்லிச் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு வாடிக்கையாளர் கேட்கும்போது "போகாது" என்ற சொல்லை விட்டுவிட்டு, "எத்தனை பேருக்கும்மா?" என்று கேளுங்கள்.